எலும்புக்குள் வளரும் அறைகள்

பிள்ளைக்கு மாதக்கணக்கில் மூக்கடைப்பு என்றால் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் முதலில் பாட்டி பேசுவார்: "தலையில நீர் கோத்திருக்கு." அப்புறம் கிளினிக் டாக்டர் "சைனஸ்" என்பார். மருந்துகள் பலிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய் சி.டி. ஸ்கேனும் எடுத்தாகிவிட்டால், கையில் ஓர் அறிக்கை வரும். மூக்கின் நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்திருக்கிறது, நடு டர்பினேட் எலும்புக்குள் காற்றறை இருக்கிறது, கண்ணுக்குக் கீழே ஹாலர் அறை இருக்கிறது, வலது கன்னச் சைனஸ் சிறியதாக இருக்கிறது என்று வரிவரியாக அடுக்கியிருக்கும். அம்மா அதைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு நாலைந்து நோய் இருப்பதாக நினைத்துக் கலங்கிப்போவார்.

அந்த வரிகளில் பெரும்பாலானவற்றுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. அவை, ஒருவேளை அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் எண்டாஸ்கோப் என்ற மெல்லிய பார்வைக் குழாயை மூக்குக்குள் செலுத்தப்போகும் மருத்துவருக்கு எழுதப்பட்ட குறிப்புகள். எங்கே எலும்பு மெல்லியது, எங்கே திரும்பினால் கண், எங்கே ஏறினால் மூளை என்று சொல்பவை. இதைப் பெற்றோர் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் நியாயமானது. அதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

சைனஸ் என்பது முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை. வளர்ந்தவர்களுக்குக் கன்னத்தில் ஒரு ஜோடி, இரண்டு கண்களுக்கும் நடுவே எத்மாய்டு என்ற பல சிற்றறைகளின் தொகுதி, நெற்றியில் ஒரு ஜோடி, மண்டையின் நடுவில் மூளையின் அடியை ஒட்டி ஸ்பீனாய்டு என்று நான்கு வகை. பிறந்த குழந்தைக்கு இந்த நான்கு வகையும் ஒருசேர இருப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கான காலத்தில் எலும்பைக் குடைந்துகொண்டு வளர்கிறது. நம் ஊர்ப் பெற்றோர் பிள்ளையின் வயதைப் பள்ளி வகுப்போடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். சைனஸின் வளர்ச்சியையும் அப்படியே சொல்லிவிடலாம்.

கன்னச் சைனஸ் கருவில் மூன்றாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆனாலும் பிரசவ வார்டில் கையில் வாங்கும் குழந்தைக்கு அதன் நீளம் 7 மில்லிமீட்டர்தான்; உயரமும் அகலமும் 4 மில்லிமீட்டர் அளவு. எத்மாய்டில் அப்போது மூன்று நான்கு சிற்றறைகள் இருக்கும். ஸ்பீனாய்டில் காற்று புகத் தொடங்குவது மூன்று வயதை ஒட்டி, பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகப்போகும் சமயத்தில். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேரும் ஏழு வயதில் அது பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியை நெருங்கிவிடுகிறது. நெற்றிச் சைனஸ் எக்ஸ்ரே படத்தில் முகம் காட்டத் தொடங்குவதும் ஏறத்தாழ அப்போதுதான். ஆறாம் ஆண்டு முடிக்கும் பன்னிரண்டு வயதில் எத்மாய்டு பெரியவர்களின் அளவை எட்டுகிறது. நெற்றிச் சைனஸ் மட்டும் எஸ்.பி.எம். எழுதும் வயது வரையிலும் வளர்ந்துகொண்டிருக்கும். சிலருக்கு அது ஒரு பக்கம் மட்டும் வளர்ந்திருக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் கடைசிவரை உருவாகாமலே போகும். அவர்களுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே நான்கு வயதுப் பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலைவலி என்று அழுதால், காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும். அந்த நெற்றிக்குள் சைனஸ் இன்னும் பிறக்கவில்லை. சுக்குப் பற்றும் கோடாலித் தைலமும் எதற்காகப் போடப்படுகின்றனவோ, அந்த அறையே அங்கில்லை. இந்த இடத்தில் வேது பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கொதிக்கும் நீரின்மேல் சிறு பிள்ளையைப் போர்வை மூடி உட்காரவைக்காதீர்கள். சட்டி சாய்ந்து தொடையும் வயிறும் வெந்துபோகும் ஆபத்துக்கு முன்னால் மூக்கடைப்பு ஒன்றுமே இல்லை. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது பாதுகாப்பானது, பலனும் உள்ளது.

வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதுதான் அறுவை மருத்துவரின் கவலை. கிள்ளான் பள்ளத்தாக்குத் தாமான்களில் ஒரே வரைபடத்தில் கட்டிய வரிசை வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். இருபது ஆண்டு கழித்து உள்ளே போனால், ஒருவர் சமையலறையைப் பின்னுக்கு நீட்டியிருப்பார், ஒருவர் படிக்கட்டுக்கு அடியில் அறை எடுத்திருப்பார், ஒருவர் சுவரையே இடம் மாற்றியிருப்பார். எத்மாய்டு அறைகளும் அப்படித்தான். ஓர் அறை பக்கத்து எலும்புக்குள் நீண்டுவிடும், இன்னொன்று மேலே ஏறும், வேறொன்று பின்னால் இருக்கும் ஸ்பீனாய்டின் தலைமேலேயே படர்ந்துவிடும். பிள்ளைகளின் விஷயத்தில் இந்தக் கட்டட வேலையே இன்னும் முடியவில்லை. எட்டு வயதில் எடுத்த ஸ்கேனை நம்பிப் பதினொரு வயதில் அறுவைக்குப் போக முடியாது.

ஏழு வயதுப் பிள்ளையின் சி.டி. படத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். முகத்தை முன்னிருந்து பின்னாக அடுக்கடுக்காக வெட்டிய படங்களில், கண்கள் தெரியும் ஓர் அடுக்கு. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விழிகள். நடுவே சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள். அவை எத்மாய்டு அறைகள், கறுப்பு அங்கே காற்று இருப்பதன் அடையாளம். அந்தக் கட்டங்களுக்கும் விழிக்குழிக்கும் இடையே, தெரிந்தும் தெரியாமலும், மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. உடற்கூற்றியலாளர் காகித எலும்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கீழே கன்னங்களில் சிறிய கறுப்பு முக்கோணங்கள் இரண்டு. அவற்றின் அடிமட்டம் மூக்கின் தரையைவிட உயரத்தில் நிற்கிறது. பன்னிரண்டு வயது வாக்கில்தான் இரண்டும் சமமாகும், அதன்பின் சைனஸின் தரை இன்னும் கீழே இறங்கும். அந்த முக்கோணங்களுக்கு அடியில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிபவை, பால் பற்கள் விழுந்த பிறகு வரப்போகும் நிரந்தரப் பற்கள். முளைக்கக் காத்திருக்கும் பற்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால்தான் சைனஸ் இன்னும் சிறியதாக இருக்கிறது.

இந்தப் பற்களைப் பார்த்தவுடன், பழைய அறுவை முறை ஏன் பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லை என்பது விளங்கிவிடும். 1893-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கால்டுவெல்லும் 1897-இல் பாரிஸில் ஆன்ரி லூக்கும் தனித்தனியே விவரித்த முறை அது. மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பில் துளையிட்டுக் கன்னச் சைனஸுக்குள் நுழைவார்கள். பெரியவர்களுக்குப் பல பத்தாண்டுகள் அதுதான் வழக்கம். பிள்ளைகளுக்கோ அந்தத் துளை போகும் வழியில் பல் முளைகள் இருக்கின்றன.

வழியை மாற்றியவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து வால்டர் மெசர்கிளிங்கர். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹரால்டு ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளை லென்ஸுகளாக்கி வடிவமைத்த மெல்லிய எண்டாஸ்கோப், மூக்கின் உள்ளே தெளிவாகப் பார்க்கும் வசதியைத் தந்தது. மெசர்கிளிங்கர் பார்த்தது சளி நகரும் விதத்தை. சைனஸின் உட்படலத்தில் உள்ள நுண்மயிர்கள் சளியை எப்போதும் இயற்கையான வாசலை நோக்கியே தள்ளுகின்றன. வேறிடத்தில் பெரிய துளை போட்டாலும் சளி அதை ஒதுக்கிவிட்டுப் பழைய வாசலுக்கே போகிறது. அப்படியானால் செய்ய வேண்டியது, அடைபட்ட அந்த வாசலைத் திறந்துவிடுவது மட்டுமே. 1978-இல் அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் மாணவர் ஹைன்ஸ் ஸ்டாம்பெர்கரும், அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் 1980-களில் இதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். வெளியே தழும்பு இல்லை, பல் முளைகளைத் தொட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போன்ற வழி.

ஆனால் அந்த வழி மிகவும் குறுகியது. பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டாஸ்கோப் என்றால், சின்னப் பிள்ளைக்கு 2.7 மில்லிமீட்டர். அதோடு கருவியும் உறிஞ்சு குழாயும் அதே நாசித் துளைக்குள் போக வேண்டும். இரத்தக் கணக்கும் வேறு. 15 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே ஒன்றேகால் லிட்டருக்குள்தான். பெரியவர்களிடம் பொருட்படுத்தத் தேவையில்லாத கசிவு, இங்கே மயக்க மருந்து நிபுணரை நிமிர்ந்து உட்காரவைக்கும்.

இந்த நெருக்கடியில்தான் அறிக்கையின் ஒவ்வொரு வரியும் பொருள் பெறுகிறது. "கன்னச் சைனஸ் சிறியது" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். அந்தச் சைனஸின் வாசலுக்கு முன்னால் கொக்கி எலும்பு என்ற மெல்லிய திரை ஒன்று நிற்கிறது. அதை விலக்கினால்தான் வாசல் தெரியும். சைனஸ் வழக்கமான அளவில் இருந்தால் திரைக்கும் கண்ணுக்கும் நடுவே இடைவெளி உண்டு. சைனஸ் சுருங்கியிருந்தால் திரை வெளிப்பக்கம் சாய்ந்து விழிக்குழியின் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடும். வழக்கமான ஆழத்துக்குக் கத்தியை இறக்கினால் அது போய் நிற்கும் இடம் விழிக்குழி. முன்கூட்டியே தெரிந்தால், மருத்துவர் திரையைப் பின்னாலிருந்து முன்னால் மெதுவாகப் பெயர்த்தெடுப்பார். ஒரே ஒரு வரி, ஒரு கண்ணைக் காக்கிறது.

மேலே மூளைக்கும் மூக்குக்கும் நடுவே இருப்பது சல்லடைத் தட்டு. வாசனை நரம்புகள் இறங்கும் எலும்பு. பிறந்த குழந்தைக்கு அது பெரும்பாலும் குருத்தெலும்பாக இருந்து, முதல் சில ஆண்டுகளில் படிப்படியாக எலும்பாகிறது. இந்தத் தட்டு பக்கத்து எத்மாய்டுக் கூரையைவிடத் தாழ்ந்து, ஒரு பள்ளமாக இருக்கும். பள்ளத்தின் பக்கச்சுவர் மண்டையின் அடித்தளத்திலேயே மிக மெல்லிய எலும்பு; சில இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பள்ளம் ஆழமாக ஆக, கருவியின் வழியில் வந்து நிற்கும் இந்தச் சுவரும் உயரமாகிறது. 1962-இல் யூகோஸ்லாவிய உடற்கூற்றியலாளர் பிரெட்ராக் கெரோஸ் இந்த ஆழத்தை மூன்று வகையாகப் பிரித்தார்: 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை, 4 முதல் 7 வரை, 8 முதல் 16 வரை. அவர் அளந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் நடு வகை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டவரிடம் ஆழம் குறைந்த முதல் வகையே மிகுதியாக இருந்தது. பாடநூலில் படித்த சராசரியும் நம் ஊர் மக்களின் அளவும் வேறுவேறு என்பது இதில் தெரிகிறது. இங்கேயே அளந்த அளவுகள் நமக்கு வேண்டும், அதிலும் பிள்ளைகளின் அளவுகள் வயது வாரியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே பிள்ளைக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், எந்தச் சராசரியும் அந்தப் பிள்ளையின் ஸ்கேனுக்கு ஈடாகாது.

இவற்றில் எனக்கு அச்சம் தருவது ஓனோடி அறை. புடாபெஸ்ட் நகரத்தில் வாழ்ந்த அடால்ஃப் ஓனோடி என்ற மருத்துவர், பார்வை நரம்புக்கும் சைனஸுகளுக்கும் உள்ள நெருக்கத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிணக்கூறு செய்து படம் படமாக வரைந்து காட்டினார். எத்மாய்டின் கடைசி அறை சிலருக்குப் பின்னால் நீண்டு ஸ்பீனாய்டின் மேலே படர்கிறது. அப்போது பார்வை நரம்பு அந்த அறையின் சுவரிலேயே புடைத்துக்கொண்டு ஓடும். ஸ்பீனாய்டு வந்துவிட்டது என்று நினைத்து அறுவை மருத்துவர் நேராகப் போனால், எதிரே நிற்பது நரம்பு. ஐரோப்பிய, அமெரிக்க ஸ்கேன் ஆய்வுகளில் இது பத்தில் ஒருவர் அளவில் தென்பட, 2003-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்று, பிணங்களைக் கூறு செய்து பார்த்ததில் 60 விழுக்காடு என்றது. ஸ்கேனில் தவறுவது கூறு செய்யும்போது கண்ணில் படும் என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். ஆசிய முகங்களில் இது அதிகம் என்பதும் ஒரு காரணமாகலாம். ஸ்பீனாய்டும் பின் எத்மாய்டும் வளர வளரத்தான் இந்த அறை உருவாகிறது என்பதால் சிறு பிள்ளைகளிடம் இது அரிது. பத்து வயதைத் தாண்டியவர்களிடம் தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, இந்த மாறுபாடுகள்தாம் பிள்ளைக்குச் சளி கட்டக் காரணமா? காரணம் என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. மூக்கின் பக்கச்சுவரிலிருந்து நீளும் நடு டர்பினேட் எலும்பு காற்றறையால் உப்பியிருந்தால் வாசல் நெருக்கப்படும், கண்ணுக்குக் கீழே எத்மாய்டின் ஹாலர் அறை இருந்தால் பாதை குறுகும் என்று தர்க்கம் சொன்னது. கொரியாவிலும் ஜோர்டானிலும் குழந்தைகளின் ஸ்கேன்களை வைத்து 2000-களில் செய்த ஆய்வுகளில் அப்படித் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. நோயில்லாத பிள்ளைகளுக்கும் இதே மாறுபாடுகள் இருந்தன. சாதாரணச் சளி பிடித்த வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் ஆரோக்கியமான பிள்ளையின் சைனஸும் மங்கலாகத்தான் தெரியும். கதிர்வீச்சு வேறு இருக்கிறது. எனவே அறுவை பற்றி யோசிக்கும் கட்டத்துக்கு முன் ஸ்கேன் கேட்டு டாக்டரை வற்புறுத்தாதீர்கள்.

பிள்ளைகளின் சைனஸ் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் எலும்பில் இல்லை, அதைப் போர்த்தியிருக்கும் படலத்தில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் மெத்தையிலும் தலையணையிலும் பெருகும் தூசுப்பூச்சிகள், அவற்றுள்ளும் வெப்பமண்டலத்துக்கே உரிய பிளோமியா டிராப்பிகாலிஸ், இங்குள்ள மூக்கு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணி. புகைமூட்டம் வந்தால் வீங்கிய படலம் இன்னும் வீங்கும். 2005 ஆகஸ்ட்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த காரணி, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு. "சதை வளர்ந்திருக்கு" என்று கிளினிக்கில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் அது மிகப் பெரிதாக இருக்கும், கிருமிகளுக்கு உறைவிடமாகவும் இருக்கும். ஆகையால் 12 வாரத்துக்கு மேல் சளி நீடித்து, மூக்கு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் மருந்தும் உதவாத சிறு பிள்ளைக்கு, முதலில் அடினாய்டை எடுத்துப் பார்ப்பதே இன்றைய முறை. பலருக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது. சைனஸுக்குள் எண்டாஸ்கோப் போவது அதற்குப் பிறகுதான்.

காத்திருக்கவே கூடாத சூழல் ஒன்று உண்டு. நான்கைந்து நாள் சளிக்குப் பிறகு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டு, காய்ச்சலும் இருந்தால், கண்ணைத் திறந்து பாருங்கள். விழி முன்னால் தள்ளியிருந்தால், அசைத்தால் வலித்தால், இரட்டையாகத் தெரிகிறது என்றால், சிவப்பு நிறம் மங்கித் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையோ கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எத்மாய்டின் சீழ் அந்தக் காகித எலும்பைத் தாண்டிக் கண்ணுக்குப் பரவியிருக்கலாம். அந்த எலும்பில் இயற்கையாகவே சிறு ஓட்டைகள் உண்டு, அதைக் கடந்து செல்லும் இரத்தக் குழாய்களில் தடுப்பு வால்வுகளும் கிடையாது. சின்னப் பிள்ளைக்குச் சீழ் கொஞ்சமாக இருந்தால் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் போதும். பார்வை குறைந்தால் உடனே அறுவைதான். அப்போது மருத்துவர் எண்டாஸ்கோப்போடு எத்மாய்டுக்குள் போய், மற்ற நேரங்களில் தொடவே அஞ்சும் அதே காகித எலும்பைத் தானே விலக்கிச் சீழை மூக்கு வழியாக வடித்துவிடுகிறார்.

அறுவை என்று முடிவானபின் அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய எப்போதும் இதுதான்: "டாக்டர், பிள்ளையோட மூஞ்சி வளராமப் போயிடுமா?" வெற்றுப் பயம் இல்லை இது. 1995-இல் பன்றிக்குட்டிகளின் ஒரு பக்கச் சைனஸில் அறுவை செய்து வளரவிட்டபோது, அந்தப் பக்கத்தின் வளர்ச்சி குன்றியதாக ஓர் ஆய்வு சொன்னது. பல மருத்துவர்கள் பிள்ளைகளுக்கு அறுவை செய்யத் தயங்கியதற்கு அதுவும் காரணம். 2002-இல் அமெரிக்காவில் 67 பிள்ளைகளின் முகங்களை அளந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் ஏறத்தாழ மூன்று வயதிலேயே சைனஸ் நோய். அவர்களில் 46 பேருக்கு எண்டாஸ்கோப் அறுவை நடந்திருந்தது, 21 பேருக்கு நடக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, பதின்மூன்று வயதில், இரண்டு கூட்டத்தாரின் முக அளவுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குச் செய்யும் அறுவையை மருத்துவர்கள் சிறியதாகவே வைத்துக்கொள்கிறார்கள். கன்னச் சைனஸின் வாசலையும் எத்மாய்டின் முன் அறைகளையும் திறப்பார்கள், படலத்தை உரிக்காமல் விடுவார்கள், நடு டர்பினேட்டைக் காப்பாற்றுவார்கள், நெற்றிச் சைனஸ் பக்கம் தேவையில்லாமல் போகமாட்டார்கள்.